மேல்தாடை எழுதிய கருத்துகள்

கதைக்காரி பல்செட் லேப்பை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. பாதியில் கிடந்த இரண்டு கீழ்த்தாடைகளைக் காலையிலேயே முடித்து வைத்தாள். மெழுகுக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டாள். பதினேழு வருடம் உட்கார்ந்த ஸ்டூலை மேசைக்கு அடியில் தள்ளினாள். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். இரண்டு மணிக்கு ரயில்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த பல்லக்கா நிமிரவே இல்லை. மெழுகில் முன்பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் அழுகை வரும். மெழுகில் ஈரம் பட்டால் பல் நிற்காது.

"போறவளை ஒரு தடவை பாருடி."

"பாத்தா போகாம இருந்துடுவியா?"

"போகத்தான் போறேன். பாக்கலேன்னா ரயில் பூரா உன்னைத் திட்டிட்டே போவேன், அவ்வளவுதான்."

பல்லக்கா பார்த்தாள். பார்த்ததும் நினைத்தது நடந்துவிட்டது. மூன்றாவது அறையில் பாலிஷ் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு, இவர்கள் பக்கம் வராமல், ஜன்னலைத் துடைப்பவர் போல ஜன்னலோரம் போய் நின்றார்.

கதைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பல்லக்காவின் போனைப் பிடுங்கி எதையோ தட்டினாள். "நான் போயிட்டா உன் காது சும்மா கிடக்கும். சும்மா இருந்தா நீ கண்டதையும் யோசிப்ப. இதுல ஆளுங்க கதை வாசிக்கிறாங்க. நம்ம பனிச்சாவடி கதைதான். கேட்டுட்டே வேலையைப் பாரு."

பல் மருத்துவமனைக்குப் பின்னால் மூன்று அறைகள், அதுதான் லேப். மருத்துவர் வாயில் எடுத்த அளவு ஒரு தட்டில் வரும். கூடவே ஒரு சீட்டும் வரும். முதல் அறையில் பிளாஸ்டர் ஊற்றி அச்சாக்குவார்கள். நடு அறையில் மெழுகில் பல் அடுக்குவார்கள். மூன்றாவதில் பாலிஷ் அண்ணன் தேய்த்து மினுக்கிப் பல்செட்டாக வெளியே அனுப்புவார். பல்லக்கா இருபத்திரண்டு வயதில் இங்கே டெலிபோன் எடுக்க வந்தவள். ஆள் குறைந்த ஒரு நாள் பிளாஸ்டர் கலக்கச் சொன்னார்கள்; கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல் ஊற்றினாள். அதன் பிறகு டெலிபோன் அடித்தால் வேறு யாராவதுதான் ஓட வேண்டியிருந்தது. இப்போது நாற்பத்தாறு வயது. யார் வாயைத் திறந்தாலும் அவள் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். பஸ்ஸில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் கீழ்க்கடைவாய் எத்தனை போயிருக்கிறது என்று எண்ணிவிடுவாள். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் கணவர் உறவுக்காரர்களிடம் சொல்வது இது: "பொண்ணு பாக்கப் போனேன். நான் அவளைப் பாத்தேன், அவ என் பல்லைப் பாத்தா. நல்லவேளை, அன்னிக்கு முப்பத்திரண்டும் இருந்துச்சு."

பனிச்சாவடி ஒரு டிவி தொடர். மலை உச்சியில் பனியில் புதைந்த ஒரு சாவடி. அதில் ஒரு காவல்காரர், ஒரு பெண் டாக்டர். இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் சண்டை போடுவார்கள், ஒருவர் இல்லாமல் மற்றவரால் இருக்கவும் முடியாது. முதல் நாள் பார்த்ததைக் கதைக்காரி மறுநாள் மேசையில் நடித்தே காட்டுவாள். பல்லக்கா டிவியில் பார்த்ததைவிட அவள் வாயால் கேட்டதுதான் அதிகம். இரண்டு வருடம் ஓடிவிட்டு, நோயாளியைப் பார்க்க டாக்டர் பனியில் இறங்கிப் போகிறார், காற்றுக்குக் கதவைச் சாத்துகிறார் காவல்காரர் என்ற இடத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள். அதோடு சரி. டாக்டர் திரும்பினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பொறுக்க முடியாத ரசிகர்கள் தாங்களே மேற்கொண்டு எழுதத் தொடங்கினார்கள். எழுதியதை வேறு சிலர் வாசித்து, பதிவு செய்து, ஒரு பக்கத்தில் போட்டார்கள். ஒருவருக்கும் ஒரு லாபமும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பல்லக்கா இயர்போனை மாட்டினாள். முதலில் கேட்டவர் செய்தி வாசிப்பதுபோல வாசித்தார். அடுத்தவர் டாக்டர் பேசும்போது மூக்கால் பேசினார். மூன்றாவதாக வந்தது கம்பளிப்பூச்சி.

அது அந்தப் பெண் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். ஊர், வயது, முகம் எதுவும் கிடையாது. குரல் மட்டும். நாற்பதுக்குள் இருக்கும் என்று பல்லக்கா கணக்குப் போட்டாள். காவல்காரருக்காகக் குரலைத் தடிமனாக்க மாட்டாள்; பேச்சைக் கொஞ்சம் மெதுவாக்குவாள், ஆள் வந்துவிடுவார். பனிக்காற்றுக்கு எதையோ வாயருகே வைத்து ஊதுவாள். 'சாவடியில் இரண்டாம் குளிர்காலம்' என்ற நீண்ட கதையை வாரம் ஒரு பகுதியாக வாசித்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா பதின்மூன்று பகுதிகளையும் நாலு நாளில் கேட்டு முடித்தாள். அந்த நாலு நாளும் அவள் கையில் ஒரு பல்கூடக் கோணவில்லை என்று பாலிஷ் அண்ணன் சொன்னார்.

பதினான்காம் பகுதி வந்த அன்றுதான் கதைக்குக் கீழே இருந்ததைக் கவனித்தாள். கேட்டவர்கள் நானூற்றுச் சொச்சம். இதயம் போட்டவர்கள் முப்பது பேர். எழுதியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் எழுதியது "சூப்பர்".

பல்லக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அதற்குக் காரணம் சீட்டுகள்தான். இத்தனை வருடத்தில் மருத்துவமனையிலிருந்து வந்த சீட்டுகளில் ஒரு நல்ல வார்த்தை அவள் பார்த்ததில்லை. 'வலது இரண்டாம் பல் உயரம்', 'ஈறில் உரசுகிறது, திருப்பிக் கொடுக்கவும்' இப்படித்தான் வரும். நன்றாக அமைந்தது போனது போனதுதான். யாரோ ஒருவர் எங்கேயோ அதை வைத்து மென்றுகொண்டிருப்பார், சிரித்துக்கொண்டிருப்பார். லேப்புக்கு ஒரு சத்தமும் வராது. "சத்தம் இல்லேன்னா சந்தோஷமா இருக்காங்கன்னு வச்சுக்க" என்பார் பாலிஷ் அண்ணன். வைத்துக்கொண்டாள்தான். ஆனால் வைத்துக்கொள்வதும் காதால் கேட்பதும் ஒன்றா?

அதனால் எழுதினாள். எழுத ஒரு பெயர் வேண்டும் என்றது அந்தப் பக்கம். எதிரே தாங்கியில் ஒரு மேல்தாடை காய்ந்துகொண்டிருந்தது. 'மேல்தாடை' என்று அடித்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து சீட்டு எழுத்துதான். எந்த இடம், என்ன செய்தது என்று எழுதுவாள், அப்படியே எழுதினாள்.

"6:10. காவல்காரர் கரண்டியைத் தேடும் இடம். வேகமாக வாசிக்காமல் தேடவிட்டீர்கள். நானும் தேடினேன். 9:32. பின்னால் ஒரு நாய் குரைத்தது. எடுத்துவிடாதீர்கள், சாவடியில் நாய் இருப்பது நல்லது."

மறுநாள் பதில் வந்தது. "நீங்க யாருங்க? நாயை வெட்ட அரை மணி நேரம் போராடிட்டு விட்டுட்டேன். அதையும் கேட்டிருக்கீங்க. ரெண்டு வருஷமா வாசிக்கிறேன், யாரும் நிமிஷம் போட்டு எழுதினதில்லை."

பல்லக்கா அதைப் பாலிஷ் அண்ணனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "பரவால்லயே. உனக்கே சீட்டு வந்திருக்கு" என்றார்.

பதினைந்து, பதினாறு, பதினேழு. ஒவ்வொன்றுக்கும் மேல்தாடை எழுதியது, ஒவ்வொன்றுக்கும் கம்பளிப்பூச்சி பதில் போட்டது. மற்றவர்களும் அந்தக் கருத்துகளைப் படிக்க வந்தார்கள். பதினேழாம் பகுதிக்குக் கீழே ஒருவர், "கதை கேட்டாச்சு, மேல்தாடை இன்னும் எழுதலையா?" என்று கேட்டிருந்தார். வீட்டில் கணவர் கேலி செய்தார். "என்கிட்ட பத்து வருஷமா ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எவளோ ஊதுற காத்துக்கு ஒண்ணரைப் பக்கம்."

"நீங்களும் ஊதுங்க, எழுதறேன்."

பிறகு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பதினெட்டாம் பகுதி வந்தபோது பல்லக்கா பஸ்ஸில் இருந்தாள். முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'ச' வரும் இடத்தில் மெல்லிய விசில். சாவடி, சுவர், ஸ்வெட்டர். மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் வேலையே அதுதான். புதுப் பல் வைத்தவர்களை மருத்துவர் நாற்காலியில் உட்கார வைத்ததும் அவளை உள்ளே கூப்பிடுவார். "சீப்பு, சோப்பு, சைக்கிள், பஸ்" என்று சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். விசில் வந்தால் எங்கே எவ்வளவு மெழுகு ஏற்ற வேண்டும் என்று அவள் சொன்னால் சரியாக இருக்கும். கம்பளிப்பூச்சிக்கு முன்பற்கள் போய்விட்டன, புதிதாக வைத்திருக்கிறார்கள், வைத்தவர்கள் சரியாக வைக்கவில்லை. இத்தனையும் அவளுக்கு ஒரே வரியில் தெரிந்துபோயிற்று.

நாலு வாரம் பொறுத்தாள். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை இதயம் மட்டும் போட்டாள். எழுத வரவில்லை, விசிலைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. இருபத்திரண்டாம் பகுதியில் டாக்டர் கதவுக்கு வெளியே நின்று தனக்குத்தானே பேசும் நீண்ட பேச்சு ஒன்று வந்தது. முழுக்க 'ச'. அதைக் கேட்டு முடித்ததும், வேலைக்கு நடுவே, அச்சு காய்கிற நேரத்தில், எழுதிவிட்டாள்.

"18இலிருந்து விசில் வருகிறது. இதில் 3:12, 3:40, 5:05. மேல் முன்பல் நான்கும் புதியவை என்று நினைக்கிறேன். பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒரு நூல் கனம் ஏற்ற வேண்டும். செய்தவரிடம் திருப்பிக் கொடுக்கவும்."

நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்துப் போனை எடுத்தால் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். "கேட்காத குறையை இங்கே யாரும் எழுதுவதில்லை. பக்கத்தின் விதியைப் படியுங்கள்." "ஒருவர் பல்லைப் பற்றிப் பேச நீங்கள் யார்?" "மேல்தாடை கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும்." கம்பளிப்பூச்சி ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வாரம் இருபத்து மூன்று வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பல்லக்கா தன் கருத்தை அழித்தாள். ஐந்து தடவை எழுதித் திருத்தி ஒரு மன்னிப்பு போட்டாள். அதற்கும் பதில் இல்லை. 'அடுத்த பகுதி விரைவில்' என்ற வரி மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் கடையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு பழைய பூட்டைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார்.

"நீ எழுதினதுல பொய் இருக்கா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுட்டு இருக்க?"

"தெருவுல ஒருத்தர் போறாரு. அவர் வீட்டுக் கதவுல பூட்டு சரியா விழலன்னு உங்களுக்குத் தெரியுது. என்ன செய்வீங்க?"

"கிட்ட போய்ச் சொல்லுவேன்."

"நான் நடுத் தெருவுல நின்னு கத்திட்டேங்க."

அவர் சுருள்கம்பியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சமாதானம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடியதுபோல இருந்தது. "டீ சொல்லவா?" என்றார்.

கதைக்காரிதான் போனில் வழி சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் பத்து நிமிடம் வைதாள். "நானூறு பேரு பாக்க வாயைத் திறன்னு சொல்லியிருக்க. எனக்குச் சொல்லியிருந்தா உன் முடியைப் பிடிச்சிருப்பேன்."

"சரியாப் போயிடும்னுதான்டி சொன்னேன்."

"அது சரி. பதினெட்டுல என்ன கதை நடந்துச்சு?"

பல்லக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் வந்தாரா? யாரோ கதவைத் தட்டினார்கள். பிறகு?

"பாத்தியா. அவ கதை வாசிச்சா, நீ பல்லைக் கேட்டிருக்க. போய் மறுபடி கேளுடி."

பல்லக்கா போனை வைத்துவிட்டு வெகுநேரம் பிளாஸ்டர் கிண்ணத்தையே தேய்த்துக் கழுவினாள். கத்தியதைவிட அது பெரிய தப்பு என்று அவளுக்குப் பட்டது. நாலு வாரம் ஒரு ஆள் இவளுக்காக உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். இவள் காதைக் கொடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பகுதி. ஒன்றிலிருந்து தொடங்கினாள். பதின்மூன்று வரை அவசரத்தில் கேட்டவற்றுக்கெல்லாம் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் எழுதினாள். பாலிஷ் அண்ணன் டிபன் பாக்ஸோடு வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கு எந்தப் பகுதிக்குச் சீட்டு?"

"நாலு."

"பதில் வருதா?"

"இல்ல."

"அப்ப நம்ம லேப்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை அவள் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பதினெட்டை ஒரு புதன்கிழமை கேட்டாள். விசில் இருந்தது. இருக்கட்டும் என்று தள்ளிவைத்தாள். அது ஒன்றும் சுலபமாக இல்லை, மூன்று தடவை கேட்ட பிறகுதான் கதை உள்ளே வந்தது. சாவடியின் கதவை யாரோ தட்டுகிறார்கள். காவல்காரர் எழுந்து போகிறார். தாழ்ப்பாளில் கை வைத்தவர், அதில் ஒரு பூட்டும் தொங்குவதைப் பார்க்கிறார். அங்கே குரல் நின்றது. மூச்சுகூடக் கேட்கவில்லை. பிறகு ஒரே ஒரு வார்த்தை: "சாவி."

பல்லக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுதினாள்.

"4:26. 'சாவி' என்பதற்கு முன்னால் நிறுத்தினீர்கள். கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று தெரிந்துவிட்ட ஒருவருக்குக் கை எப்படி நடுங்கும் என்று அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. முதல் தடவை இதை நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது."

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, கடைசியில் இருபத்திரண்டு. அதற்கும் எழுதினாள், இந்த முறை டாக்டரின் பேச்சைப் பற்றி. அதோடு எழுத எதுவும் மிச்சமில்லை.

மாதங்கள் போயின. பல்லக்கா வேறு ஆட்களைக் கேட்டாள். மூக்கால் பேசியவருக்குக்கூட எழுதினாள். அவர் பாட்டி வேடம் வந்தால் பிரமாதமாகச் செய்வார் என்று தெரியவந்தது. குறை ஏதாவது கண்டால் தனியாக ஒரு வரி: "இன்னொன்று கவனித்தேன். சொல்லலாமா?" பெரும்பாலும் சொல்லுங்கள் என்றார்கள். ஒருவர் "வேண்டாம், எனக்கே தெரியும்" என்று எழுதினார். அவரை அவளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஆனால் தினமும் காலையில் பஸ் ஏறியதும் முதலில் கம்பளிப்பூச்சியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பவர்கள், வராத ஆளின் போனை எதிர்பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அது உண்மைதான். ஒரு வருடம் ஆகி, அதற்கு மேல் இரண்டு மாதமும் ஆயிற்று. அந்தக் குரலைத் தான்தான் வாயடைத்துவிட்டோம் என்பது அவளுக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதையும் விட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் பெயர் தெரிந்தது. கலக்கிய பிளாஸ்டரைப் பாதியில் வைக்க முடியாது. வைத்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும், ஒருவருடைய வாயின் அளவு வீணாகும். ஊற்றினாள். தட்டைத் தட்டித் தட்டிக் கொப்புளத்தை விரட்டினாள். அவசரப்படாமல் விளிம்பைச் சமமாக்கினாள். கையைக் கழுவி, புடவையில் துடைத்து, மறுபடி கழுவி, அதன் பிறகுதான் போனை எடுத்தாள். தனிச் செய்திப் பெட்டியில் வந்திருந்தது.

"மேல்தாடைக்கு. கம்பளிப்பூச்சி எழுதறேன். ஸ்கூட்டர்ல விழுந்து முன்பல் நாலும் போச்சு. புதுசு வச்ச அன்னிக்கே எனக்கு விசில் கேட்டுச்சு. வீட்டுல எல்லாரும் ஒண்ணும் தெரியல, உனக்குத்தான் பிரமைன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். நீங்க எழுதினதைப் படிச்சதும் போனைத் தூக்கிக் கட்டில்மேல வீசினேன். நீங்க அதை அழிச்சதுல பிரயோஜனம் இல்ல, எனக்கு வரி வரியா மனப்பாடம். மூணு மாசம் கழிச்சு பல் டாக்டர்கிட்ட போய், பின்னாடி ஒரு நூல் ஏத்துங்கன்னேன். யார் சொன்னதுன்னு கேட்டார். ஒரு மேல்தாடைன்னேன். ஏத்தினாங்க, விசில் போச்சு. ஆனா வாசிக்க உக்காந்தா வாய் வரல. யாரோ என் பல்லையே கேட்டுட்டு இருக்காங்கன்னு கூச்சம். நீங்க அப்புறம் எழுதின எல்லாத்தையும் படிச்சேன், ஒண்ணுக்கும் பதில் போடல. கோபம்னு நினைச்சிருப்பீங்க. கொஞ்ச நாள் கோபம்தான். பதினெட்டுல 'சாவி'க்கு முன்னாடி நான் வேணும்னு நிறுத்தல. விசில் வந்துடுமேன்னு பயந்து நின்னுட்டேன். காவல்காரர் கை நடுங்குதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. நடுங்கினது நான்தான். சரி. இருபத்து மூணை இன்னிக்குப் போட்டிருக்கேன். டாக்டர் உள்ள வந்துட்டாங்க, ஆனா ரெண்டு பேரும் இன்னும் பேசல. கேட்டுட்டு எழுதுங்க. நிமிஷம் போட்டு எழுதுங்க. குறை இருந்தா இந்தப் பெட்டியில எழுதுங்க, வெளியில வேண்டாம்."